லைன் வீட்டு வாசலில் ஒரு கீரைப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில், ஒரு லைன் வீட்டுக் காம்பவுண்டில், 20 அடி நீளமுள்ள பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை வைத்து நாங்கள் ஒன்பது பேர் மண்ணில்லாமல் கீரை வளர்க்கிறோம். மூன்று வருடமாகிறது. பார்க்க வருகிறவர்கள், போனில் கேட்கிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளுக்குத்தான் வருகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். பெட்டி விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் என்னங்க? ஏதோ புது விஞ்ஞானமா?

செடிக்கு மண் தருவது மூன்று: நிற்க ஒரு பிடிமானம், தண்ணீர், தண்ணீரில் கரைந்த சத்து உப்புகள். பிடிமானத்துக்கு வேறு ஏதாவது கொடுத்துவிட்டு, சத்தைத் தண்ணீரிலேயே கரைத்து வேருக்குக் காட்டினால் அதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். பிடிமானத்துக்கு நாங்கள் வைப்பது பொள்ளாச்சி தென்னை நார்த்தூள். ஊரெல்லாம் ஏற்றுமதியாகிற சரக்கு, நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: வாங்கியதும் இரண்டு மூன்று தண்ணீர் அலசி உப்பை இறக்காமல் விதை போட்டால் முளை கருகிவிடும்.

புதுசும் இல்லை. ஜெர்மனியில் 1860களிலேயே சாக்ஸ், நாப் என்ற இரு விஞ்ஞானிகள் வெறும் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்து, 1937இல் இந்தப் பெயரையும் வைத்தார். நம் நாட்டிலும் 1946வாக்கில் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர், சாதாரண மக்கள் கைச்செலவில் செய்கிற மாதிரி ஒரு முறையை உருவாக்கினார். மோட்டார் கிடையாது, சரளைக்கல்லும் உரப்பொடியும்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

அதை ஏன் கன்டெய்னருக்குள் கொண்டுபோனார்கள்?

இந்த யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பல நகரங்களில் ஏழைகள் இருக்கிற பகுதியில் பச்சைக் காய்கறி விற்கும் கடையே இருக்காது. கிடைப்பதெல்லாம் பாக்கெட் தீனி. குளிர்காலத்தில் பல மாதம் வெளியே ஒன்றும் முளைக்காது. 40 அடி கன்டெய்னர் ஒன்றை எடுத்து, சுவரெல்லாம் மூடி, உள்ளே எல்இடி விளக்கு, ஏசி, கம்ப்யூட்டர் என்று வைத்தால், பனி கொட்டும்போதும் கீரை அறுக்கலாம். பள்ளிக்கூடங்கள், இலவச உணவு கொடுக்கும் நிலையங்கள் இப்படிப் பெட்டிகள் வாங்கி வைத்தன. அலாஸ்காவில் வட துருவ வட்டத்துக்கும் மேலே கோட்செபூ என்றொரு ஊர், சாலையே போகாத இடம். காய்கறி விமானத்தில் வர வேண்டும். அங்கே 2016இல் கன்டெய்னரில் கீரை போட ஆரம்பித்தார்கள். அந்த ஊருக்கு அது சரியான கணக்கு.

ஆனால் இந்தப் பெட்டிகளைச் செய்து விற்பதில் பேர் பெற்ற பாஸ்டன் கம்பெனியான ஃப்ரைட் ஃபார்ம்ஸ், 2010இல் தொடங்கியது, 2025இல் திவாலாகிவிட்டது. பெரிய கட்டடங்களில் அடுக்கடுக்காகக் கீரை போட்ட வேறு சில கம்பெனிகளுக்கும் அதே கதிதான். ஒரு காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

நீங்களும் உள்ளே விளக்குப் போட்டுத்தான் வளர்க்கிறீர்களா?

இல்லை. ஆரம்பத்தில் அந்த ஆசை எங்களுக்கும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

20 அடிப் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் நான்கு அடுக்கு வைத்தால் சுமார் 28 சதுர மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 150 வாட் விளக்கு, நாளைக்கு 14 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விளக்கின் சூடும் சித்திரை வெயிலின் சூடும் சேர்ந்தால் ஏசி இல்லாமல் முடியாது. அதற்கும் ஃபேன், மோட்டாருக்கும் ஒரு 30 யூனிட். ஆக 90. யூனிட் பத்து ரூபாய் என்றால் நாளைக்கு 900 ரூபாய். விளைச்சலைத் தாராளமாகவே சதுர மீட்டருக்கு மாதம் 3 கிலோ என்று வைத்தாலும் நாளைக்கு 2.8 கிலோதான் வரும். கிலோவுக்கு 300 ரூபாய்க்கு மேல், அதுவும் கரன்டுக்கு மட்டும்!

இது எங்கள் தப்புக் கணக்கா என்று சந்தேகப்பட்டுத் தேடினோம். அரிசோனா மாநிலத்தில் லெட்யூஸ் கீரைக்கு ஒரு ஒப்பீடு செய்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். மண்ணில் போடுவதைவிட ஹைட்ரோபோனிக்ஸில் தண்ணீர் 13 மடங்கு குறைவு, விளைச்சல் 11 மடங்கு அதிகம், ஆனால் எரிசக்தி 82 மடங்கு அதிகம். தண்ணீரை மிச்சம் பிடித்துக் கரன்டைக் கொட்டுகிற வேலை.

நமக்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் சும்மா கிடைக்கிறது. அதைத் தகரத்தால் மூடி மறைத்துவிட்டு, காசு கொடுத்து விளக்கு வெளிச்சம் வாங்குவதை என் மனசு ஒப்பவில்லை. எங்கள் செடிகள் கன்டெய்னரின் மேலேயும் பக்கத்திலேயும் நிழல்வலைக்குக் கீழே வளர்கின்றன. உள்ளே நாற்றுத் தட்டுகளும் கரைசல் தொட்டியும் உரமும் தராசும் இருக்கின்றன.

அப்புறம் எதற்கு கன்டெய்னர்? ஒரு ஷெட் போட்டால் போதாதா?

நல்ல கேள்வி. வருகிறவர்களில் பத்துக்கு ஒருத்தர்தான் இதைக் கேட்கிறார்.

நிலம் எங்களுடையது அல்ல. திருப்பூரைச் சுற்றி எந்தக் காடு எப்போது சைட் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பு போட்டிருந்த இடத்தில் மறு வருஷம் கலர் கலராகக் கொடி நட்டு, மனை எண் எழுதிய கல் ஊன்றியிருப்பார்கள். லைன் வீட்டு ஓனரிடம் போய் "ஷெட் கட்டிக்கிறோமுங்க" என்று கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. கட்டடம் என்று ஒன்று எழும்பினால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்ற பயம். "பெட்டி வெச்சுக்கறோம், நீங்க எப்ப சொன்னாலும் கிரேன் கூட்டிட்டு வந்து தூக்கிக்கறோம்" என்றதும் சரி என்றார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம்.

இடம் சொந்தமில்லாதவர்களுக்குத்தான் பெட்டி. தூக்கிக்கொண்டு போகலாம், பூட்டலாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் ஏற்றிப் போய் ஓய்ந்த பெட்டிகள் நம் பக்கத்தில் கிடைக்கின்றன. வெல்டிங் பட்டறைக்கும் பம்பு செட்டுக்கும் கோயமுத்தூர் மாதிரி ஊர் வேறெங்கே?

ஒரு எச்சரிக்கை. கன்டெய்னரின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில்தான். கூரைத் தகடு மெல்லிசு. தண்ணீர் நிறைந்த தொட்டியை அதன்மேல் ஏற்றாதீர்கள். அரை அடி ஆழத் தண்ணீரைக் கூரை முழுக்கப் பரப்பினால் இரண்டு டன்னைத் தாண்டும். நாங்கள் நான்கு மூலையிலும் ஊன்றி இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் லேசான பிவிசி குழாய்களை மட்டும் வைத்திருக்கிறோம். கனமான தொட்டிகள் எல்லாம் தரையில்.

ரேஷனில் அரிசி சும்மா போடுகிறார்கள். கொங்கு நாட்டில் பசி எங்கே இருக்கிறது?

வயிறு காய்கிற பசியைச் சொல்கிறீர்கள் என்றால், குறைவுதான். 2011இலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் சிற்றுண்டி, மதியம் நாமக்கல் முட்டையோடு சாப்பாடு. 2020 அக்டோபரிலிருந்து வேறு மாநிலத்து ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களும் இங்கே தானியம் வாங்கலாம்.

ஆனால் எங்கள் காம்பவுண்டை ஒருநாள் சுற்றி வாருங்கள். ஒரு ரூம், அதில் நான்கு பேர், சுவரோரம் ஒரு ஸ்டவ். காலை எட்டரைக்குக் கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். உழவர் சந்தை விடிகாலையில் கூடி, இவர்கள் மெஷினில் உட்காரும் நேரத்தில் களைகட்டி, மத்தியானத்துக்குள் கலைந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டிக்கடையில் மிஞ்சியிருப்பது உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாடிய தக்காளியும். காசு இல்லாமல் இல்லை. கீரை விற்கும் நேரத்தில் இவர்கள் வெளியே இருப்பதில்லை, அவ்வளவுதான். வாங்கி வைக்க ஃபிரிட்ஜும் கிடையாது. சோறு, உருளைக்கிழங்கு, சோறு, முட்டை, சோறு, சிப்ஸ். மாதக்கணக்கில் இப்படி.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். அரிசி கிடைக்கிற மாநிலத்தில் இந்த நிலை. பற்றாக்குறை அரிசியில் இல்லை, பச்சையில் இருக்கிறது. எங்கள் பெட்டி அதற்குத்தான். மார்க்கெட்டைவிட மலிவாகக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் கொடுப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு, ரூமிலிருந்து இருபது அடி தூரத்தில்.

ஒரு பெட்டி எத்தனை பேருக்குக் காணும்?

எல்லாரும் ஏமாந்துபோகிற பதில் இது. கூரைமேல் 12 சதுர மீட்டர், பக்கத்தில் தரையில் 18, ஆக 30 சதுர மீட்டரில் பயிர் நிற்கிறது. நல்ல மாதத்தில் சதுர மீட்டருக்கு 2 கிலோ என்று வைத்தால் 60 கிலோ. நாளைக்கு 2 கிலோ. ஆளுக்கு 50 கிராம் கொடுத்தால் 40 பேர்.

காம்பவுண்டில் இருப்பவர்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. முதல் மாதம் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். முன்னால் வந்து நிற்க முடிந்தவர்கள் வாங்கிப் போனார்கள், கைக்குழந்தைக்காரிகளுக்குக் கடைசியில் தண்டுதான் மிஞ்சியது. இப்போது வரிசை எழுதி வைத்திருக்கிறோம். மாசமாக இருப்பவர்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற ரூம்கள் முதலில். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அங்கே முட்டை உண்டு, அதற்குக் கீழே உள்ளதுகள்தான் விட்டுப்போகிறது. மீதி இருந்தால் மற்றவர்களுக்கு முறை வைத்து.

பெட்டி ஒரு ஊரையே காப்பாற்றும் என்று பேசுகிறவர்களிடம் இந்த 2 கிலோ கணக்கைக் காட்டுங்கள்.

என்னென்ன கீரை நன்றாக வரும்?

பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி மூன்றும் கார்த்திகையிலிருந்து மாசி வரை அருமையாக வரும். சித்திரையில் பாலக் பூத்துப்போகும். அப்போது பொன்னாங்கண்ணி, பசலை, தண்டுக்கீரை. புதினா ஒரு தரம் வைத்தால் நாம் போதும் என்றாலும் விடாது. சிறுகீரையை நெருக்கி விதைத்து வேரோடு பிடுங்குவது நம் பழக்கம், அதற்கு நார்த்தூள் தட்டுதான் சரி, குழாய் ஒத்துவராது.

முதல் வருஷம் நாங்கள் நமக்குப் பிடித்த கீரைகளாகவே போட்டோம். காம்பவுண்டில் பாதிப்பேர் ஒடிசா, பீகார். சிறுகீரையைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு வாங்கிப்போவார்கள். ஒருநாள் ஏழாம் நம்பர் ரூம் அம்மா ஊருக்குப் போய்விட்டு வந்து, புடவை முந்தானையில் முடிந்திருந்த பொடிவிதையை என் கையில் கொட்டினார். "சாக், லால் சாக்" என்றார். கடுகைவிடச் சிறுசு, மினுமினுவென்று கறுப்பு. போட்டுப் பார்த்தால் நம்ம செங்கீரை! தண்டுக்கீரையின் சொந்தக்காரன்தான். அவர்கள் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து அப்படியே வதக்குகிறார்கள், நாம் பருப்புச் சட்டியில் போட்டுக் கடைசல் செய்கிறோம். அந்த விதைதான் இப்போது தரைத் தொட்டிகளில் பாதி.

தக்காளி, கத்தரி?

வரும். ஆனால் தக்காளி மூன்று மாதம் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் மூன்று முறை கீரை அறுத்துவிடலாம்.

தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்? நம்ம ஊர்த் தண்ணீரில் இது வருமா?

இதில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போர் தண்ணீரைப் பிடித்து உரம் கலக்கினால் வேலைக்காகாது. மீட்டரை வைத்தபோது எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, 1,900 காட்டியது. உரம் போடுவதற்கு முன்னாலேயே செடி தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டது. கீரைக்குக் கலக்குகிற தண்ணீர் 300, மிஞ்சிப்போனால் 500க்குள் இருப்பது நல்லது.

நொய்யல் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சாயப்பட்டறைக் கழிவு இறங்கி, பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்க் குளமாகவே ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றது. அப்புறம் நிலைமை எவ்வளவோ தேறியது. ஆனால் பூமிக்குள் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகுமா? ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்போடு நிறுத்தாமல் லேபில் கொடுத்து உலோகமும் சோதித்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் இருப்பது இலைக்குப் போகும், இலையில் இருப்பது குழந்தைக்குப் போகும்.

நாங்கள் செய்வது மழைத்தண்ணீர். லைன் வீட்டு ஷீட் கூரை நூறு சதுர மீட்டர் இருக்கும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர் ஓடி வருகிறது. நாங்கள் பிடிப்பது அதில் ஒரு துளி: இரண்டாயிரம் லிட்டர் சின்டெக்ஸ் மூன்று. ஐந்து குடம் மழைத்தண்ணீருக்கு ஒரு குடம் போர் தண்ணீர் சேர்த்தால் டிடிஎஸ் 320க்குப் பக்கத்தில் நிற்கும். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பும் மெக்னீசியமும் செடிக்குத் தேவைதான், அதனால் அந்த ஒரு குடம் வீண் இல்லை.

வெயில் நாளில் 30 சதுர மீட்டர் பயிர் ஏறக்குறைய 150 லிட்டர் குடிக்கும், பத்துக் குடம். மூன்று தொட்டியும் நிறைந்திருந்தால் நாற்பது நாள் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் கவலை இல்லை. மாசிக்கு மேல் குழாயில் நல்ல தண்ணி வருகிற நாளில் பிடித்து வைக்கிறோம்; அப்படியும் சித்திரை, வைகாசியில் பயிரைப் பாதியாகக் குறைத்துவிடுவோம். குடிக்கிற தண்ணீருக்கு லைனில் சண்டை நடக்கும்போது கீரைக்கு ஊற்றினால் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

உரம் எல்லாம் கெமிக்கல்தானே?

ஆமாம், உப்பு உரம்தான். கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்ஃபேட், மோனோ அமோனியம் பாஸ்பேட், அப்புறம் இரும்பும் நுண்சத்துக் கலவையும். செடியின் வேர் எந்த உரத்தையும் பெரும்பாலும் இந்த உப்பு வடிவத்துக்கு மாறிய பிறகுதான் உறிஞ்சும். சாணி போட்டாலும் அதை மண்ணில் இருக்கிற நுண்ணுயிர் உடைத்து இதே இடத்துக்குத்தான் கொண்டுவரும். அதனால்தான் யூரியாவைத் தொட்டியில் போட்டால் பலிக்காது. அதை நைட்ரேட்டாக மாற்றித்தர மண்ணில் ஆள் இருக்கிறது, தண்ணீரில் போதுமான ஆள் இல்லை.

ஒரு பாடம் நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். தனித்தனி டப்பாவில் ஏ, பி என்று கலக்கி வைக்க வேண்டியதை, ஒரே டிரம்மில் கொட்டினால் வேலை மிச்சமே என்று ஒருநாள் கொட்டினேன். கால்சியம் நைட்ரேட் கரைந்து கண்ணாடி மாதிரி இருந்தது. மெக்னீசியம் சல்ஃபேட் கரைசலை ஊற்ற ஊற்ற, அடியிலிருந்து மேகம் எழும்பி டிரம் முழுக்க மோர் மாதிரி ஆகிவிட்டது. கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து ஜிப்சமாகிவிட்டன, சுவருக்கு அடிக்கிற அதே ஜிப்சம். காலையில் பார்த்தால் அடியில் வெள்ளையாக விரற்கடைக் கனத்துக்குப் படிந்திருந்தது. 1,800 ரூபாய் உரம். அந்த டிரம்மை இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறோம், புதிதாக வருகிற ஆட்களுக்குக் காட்ட. கெட்டியான கரைசலாக இரண்டையும் சேர்க்கக் கூடாது. பெரிய தொட்டித் தண்ணீரில் ஒன்றை விட்டு நன்றாகக் கலக்கியபின் மற்றதை விட்டால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று பிஎச், கரைசலின் புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற அளவு. 5.5இலிருந்து 6.5க்குள் இருக்க வேண்டும். நம் சுண்ணாம்புத் தண்ணீர் அதை ஏழரைக்கு இழுத்துக்கொண்டு போகும், இரும்பு தொட்டியில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. இலை நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் தெரிந்தால் உரம் கூட்டாதீர்கள், பிஎச் பாருங்கள்.

கரன்ட் போனால்?

குழாயில் ஓடுகிற தண்ணீர் நின்றால் வேர் காற்றில் தொங்கும். இரண்டாம் வருஷம் வைகாசியில், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்திய நாள் அது. காலை ஒன்பதுக்குப் போனது, நாங்கள் எல்லாரும் வேலையில். மத்தியானம் ஒன்றரைக்குப் பக்கத்து ரூம் பையன் போன் செய்தான்: "அண்ணா, கீரை படுத்துருச்சு." பெர்மிஷன் போட்டு ஓடிவந்து ஏணியில் ஏறினேன். கூரைமேல் முந்நூறு செடியும் துவைத்துப் போட்ட துணி மாதிரி குழாயோரம் தொங்கிக்கொண்டிருந்தன. குழாயைத் தொட்டால் சுட்டது. பக்கெட்டில் தூக்கித் தூக்கி ஊற்றினோம். கொஞ்சம் எழுந்தது, பாதிக்கு மேல் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் தரைத் தொட்டிகளுக்கு மாறினோம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கிராட்கி என்பவர் பரப்பிய முறை. தொட்டி நிறையக் கரைசல், மேலே மூடிய பலகையில் ஓட்டை, ஓட்டையில் செடி. தண்ணீர் குறையக் குறைய நடுவே காற்று இடைவெளி உண்டாகும், வேரின் மேல்பாதி மூச்சு விடும், கீழ்பாதி குடிக்கும். மோட்டார் இல்லை, கரன்ட் இல்லை. முறை வைத்துப் பார்க்கிற கூட்டு வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒருத்தர் ஒருநாள் மறந்தாலும் பயிர் சாகாது. கூரைமேல் மட்டும் இன்னும் குழாய். அதற்கு 40 வாட் மோட்டார் ஒன்று, பேட்டரி ஒன்று.

தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வருமே?

வரும். டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். மூடியில் செடி இல்லாத ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றும் வாய்க்கு வலை கட்ட வேண்டும், வாரம் ஒருதரம் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இதை உறுதியாகச் செய்ய முடியாது என்றால் தொட்டி முறையைத் தொடாதீர்கள். கீரை கொடுக்கப் போய் காய்ச்சல் கொடுத்ததாக ஆகிவிடும்.

சித்திரை வெயிலில் பெட்டிக்குள் எப்படி?

தோசைக்கல். வெள்ளை பெயின்ட் அடித்து, கூரைமேல் நிழல்வலை வந்த பிறகு உள்ளே நிற்க முடிகிறது. கரைசல் 28 டிகிரிக்கு மேல் சூடானால் வேர் பழுப்பாகி வழுவழுவென்று அழுகும், மூடியைத் திறந்ததும் சாக்கடை வாடை அடிக்கும். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுகிறோம். பழைய குளிர்சாதனக் கன்டெய்னர் கிடைத்தால் வாங்குங்கள், அதன் சுவரிலேயே வெப்பம் தடுக்கும் பஞ்சு இருக்கும்.

மொத்தச் செலவு?

பெட்டியின் நிலையைப் பொறுத்து ஒரு லட்சத்துக்கு மேல். சட்டம், வலை, தொட்டி, குழாய் என்று இன்னும் கிட்டத்தட்ட அதே அளவு. எங்களுக்குப் பெட்டியை ஒரு பனியன் கம்பெனி முதலாளி பாதி விலைக்குத் தள்ளிவிட்டார், பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாதச் செலவில் உரம் 800, கரன்ட் 300, விதை, நார்த்தூள் ஒரு 300. பெரிய தொகை கூலி. ஆரம்பத்தில் சேவை என்று முறை வைத்தோம்; மூன்றாம் மாதமே ஞாயிற்றுக்கிழமை முறைக்காரர்களுக்கெல்லாம் கல்யாணமும் காதுகுத்தும் வந்துவிட்டது. இப்போது காம்பவுண்டிலேயே இருக்கிற ஒரு அக்கா தினம் இரண்டு மணி நேரம் பார்க்கிறார், மாதம் 4,000. ஆக 5,400 ரூபாய்க்கு 60 கிலோ, கிலோ 90. சந்தையில் கட்டு 15, 20 ரூபாய், கிலோவுக்கு ஏறக்குறைய இதே விலைதான். பெட்டி வாங்கிய காசை இதில் சேர்க்கவே இல்லை, சேர்த்தால் சந்தைதான் ஜெயிக்கும்.

முதல் வரிசைக்காரர்களுக்கு இலவசம். மற்றவர்கள் கைப்பிடிக்கு 10 ரூபாய் டப்பாவில் போடுகிறார்கள். பற்றாததை ஒன்பது பேரும் பகிர்ந்துகொள்கிறோம்.

மானியம் கிடைக்குமா?

நிழல்வலைக் குடிலுக்குத் தோட்டக்கலைத் துறையில் உண்டு, ஆனால் நிலத்துக்கான ஆவணம் காட்ட வேண்டும். எங்களைப் போன்றவர்களிடம் எது இல்லையோ அதையே கேட்பார்கள்.

கீரை சாப்பிட்டால் ரத்தசோகை போய்விடுமா?

கீரை மட்டும் போதாது. பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் இரும்பு இருந்தாலும் அதில் உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்தாலோ நெல்லிக்காய் சேர்த்தாலோ கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் போச்சு. இந்த ஊரில் அதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஃபோலிக் அமிலம் கீரையில் நன்றாகவே இருக்கிறது, மாசமாக இருப்பவர்களுக்கு அது முக்கியம். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக் கூடாது. கைப்பிடி கொடுக்கும்போதே "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று கேட்க அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

எங்களுக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. நாங்களும் இப்படி ஒன்று போடலாமா?

வேண்டாமுங்க. வேலியோரம் பத்து முருங்கை வையுங்கள். மூலனூர்ப் பக்கம் பாருங்கள், மழை பொய்த்த வருஷத்திலும் அது காய்க்கிறது, இலைக்கும் குறைவில்லை. கொஞ்சம் அகத்தி. வாய்க்கால் தண்ணீர் வருகிற மாதத்தில் இரண்டு பாத்தி சிறுகீரை. மண் இருக்கிறவருக்கு இந்தக் குழாயும் மீட்டரும் எதற்கு? மிஞ்சுகிற கீரையை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு லைன் வீட்டு வாசலில் கொண்டுவந்து விற்க முடியுமா என்று பாருங்கள், அதில் எங்கள் பெட்டியைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

தீர்ந்துபோன பழைய கரைசலை எங்கே கொட்டுகிறீர்கள்?

சாக்கடையில் விட மாட்டோம். அதில் இன்னும் உப்புச்சத்து மிச்சம் இருக்கும். காம்பவுண்டு மூலையில் ஓனருக்கு இரண்டு தென்னை நிற்கிறது. மாறி மாறி அதற்கு ஊற்றுகிறோம், ஒரே இடத்தில் ஊற்றினால் மண்ணில் உப்புப் பூக்கும். போன வருஷம் காய் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று ஓனர் சொன்னார். வாடகை கேட்பதைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.